எச்சில் எடுத்த கை

ஜூலை 13, மண்டபம்

இரண்டு நாட்களாக ஓயாமல் அடித்த கச்சான் காற்றில் கொல்லைப்புறத்துப் பனைமட்டை வேலி முழுவதும் சாய்ந்துவிட்டது. பள்ளியிலிருந்து வந்ததும், வீட்டுக்குள் புகுந்திருந்த மணலைப் பெருக்கித் தள்ளிவிட்டு, ராமகிருஷ்ண பரமஹம்சரின் துணைவியாரான அன்னை சாரதா தேவியின் வாழ்க்கையை மறுபடியும் படிக்க உட்கார்ந்தேன். 1920ஆம் ஆண்டு இதே ஜூலையில்தான் அவர் கல்கத்தாவின் பாக்பஜார் வீட்டில் உடலை நீத்தார் என்பதால், ஆண்டுதோறும் இந்த மாதத்தில் அவரைப் படிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

பெருக்கி முடித்துத் துடைப்பத்தை மூலையில் வீசிய பெண்ணொருத்தியை அவர் கண்டித்தார் என்றும், துடைப்பத்துக்கும் அதற்குரிய மரியாதையைத் தர வேண்டும் என்று சொன்னார் என்றும் ஓரிடத்தில் வருகிறது. படித்ததும் எழுந்து போய், கதவோரம் கிடந்த என் துடைப்பத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 14

விடுமுறையானதால் ராமேஸ்வரம் சென்று வந்தேன். 1911இல் அன்னை இங்கு வந்தபோது பாம்பன் ரயில் பாலம் இல்லை. அது 1914இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே அவரும் உடன் வந்தோரும் நீர்வழியாகவே இந்தக் கால்வாயைக் கடந்திருக்க வேண்டும். பேருந்தில் பாலத்தைக் கடக்கையில், வங்காள மொழி தவிர வேறொன்றும் பேசத் தெரியாத அந்த ஐம்பத்தேழு வயது அம்மையார் இந்த நீரைப் பார்த்தபடி வந்த கோலத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பயண ஏற்பாடுகளைச் செய்து உடன் அழைத்து வந்தவர் சென்னை ராமகிருஷ்ண மடத்தின் சுவாமி ராமகிருஷ்ணானந்தர். சேதுபதி மன்னரின் உத்தரவால் அன்னை கருவறைக்குள் சென்று, 108 தங்க வில்வ இலைகளால் தம் கையாலேயே ராமநாதரை அர்ச்சித்தார். பிறகு மன்னரின் கருவூலத்தையும் திறந்து காட்டி, விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். தமக்கு ஒன்றும் தேவையில்லை என்ற அன்னை, தம்பியின் மகளான ராது ஏதேனும் கேட்டால் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான், சிறுமி வைரத்தைக் கேட்டுவிடுவாளோ என்ற பயம் வந்திருக்கிறது. அவள் மனத்தில் ஆசை எழாதிருக்க வேண்டுமென்று குருதேவர் ராமகிருஷ்ணரை உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார். ராதுவோ, இதெல்லாம் எனக்கு எதற்கு, என் பென்சில் தொலைந்துவிட்டது, அதை வாங்கிக் கொடுங்கள் என்றாள். வெளியே வந்து கடையில் பென்சில் வாங்கிக் கொடுத்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்லும் பலரும் ராதுவின் பதிலோடு நிறுத்திவிடுகிறார்கள். என் மனம் அன்னையின் அந்தப் பயத்திலேயே நிற்கிறது. தெய்வமென்று பிறர் வணங்கிய ஒருவர், வீட்டுக் குழந்தை சபையில் மானத்தை வாங்கிவிடக் கூடாதே என்று எந்தத் தாயும் பதறுவதுபோல் பதறியிருக்கிறார். அதனால்தான் அவரிடம் என்னால் நெருங்க முடிகிறது.

ஜூலை 16

வேலி அடைக்கப் பெரியவர் வந்திருந்தார். மட்டையைச் சீவி வரிச்சில் கட்டும்போது அவர் விரலில் சிராய் ஏறி இரத்தம் கசிந்தது. வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். பதினோரு மணிக்கு அத்தை என்னைப் பார்த்தார். அம்மிக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருக்கும் அலுமினியத் தம்ளரை எடுத்துக் காபி ஊற்றினேன். பத்தொன்பது ஆண்டுகளாக அந்தத் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தது என் கைதான். “மகராசியா இரு தாயி” என்று வாங்கிக் குடித்தவர், தானே அதைக் கழுவித் திண்ணையோரம் கவிழ்த்துவிட்டுப் போனார்.

இரவு படிக்க முடியவில்லை.

ஜூலை 17, ஆடி முதல் நாள்

அம்ஜத்தைப் பற்றிய பக்கங்களை இன்று படித்தேன். அன்னையின் சொந்த ஊரான ஜெயராம்பாடிக்கு அருகிலுள்ள ஷிரோமணிபூரில் பட்டுப்புழு வளர்த்துப் பிழைத்த முஸ்லிம்கள், அந்நியத் துணியின் போட்டியால் தொழில் நசிந்து, சிலர் கொள்ளையிலும் இறங்கியிருந்தார்கள். ஊரே அஞ்சிய அவர்களைத்தான் தமது வீடு கட்டும் வேலைக்கு அன்னை அமர்த்தினார். அவர்களில் ஒருவனான அம்ஜத்துக்கு வீட்டுத் திண்ணையில் சோறிட்டபோது, இன்னொரு தம்பியின் மகளான நளினி முற்றத்தில் நின்று எட்ட இருந்தே எறிந்து பரிமாறினாள். இப்படிப் போட்டால் மனிதன் எப்படி ருசித்துச் சாப்பிடுவான் என்று கேட்டுத் தாமே பரிமாறிய அன்னை, அவன் எழுந்ததும் எச்சில் இடத்தை நீர் தெளித்துத் தம் கையாலேயே துடைத்தார். சாதி போயிற்றே என்று நளினி அலறினாள். சரத் எப்படித் தம் பிள்ளையோ அப்படியே அம்ஜத்தும் பிள்ளை என்பது அன்னையின் பதில். சரத் என்றது சுவாமி சாரதானந்தரை. ராமகிருஷ்ண மிஷனின் செயலாளர், அன்னையின் பணிக்கே தம்மை ஒப்படைத்த துறவி.

ராமநாதர் மேல் வில்வம் தூவியதும் அதே கை.

ஜூலை 20

இன்று பெரியவர் மறுபடியும் வந்தார். நாங்கள் குடிக்கும் எவர்சில்வர் தம்ளரில் காபி கொடுத்தேன். வாங்கத் தயங்கி, வாசற்படியில் இருந்த அத்தையைத்தான் முதலில் பார்த்தார். மதியம் கூடத்தில் இலை போட்டு, சோறும் மீன்குழம்பும் பரிமாறினேன். அவர் இலையை எடுக்கக் குனிந்தபோது, “விடுங்க ஐயா, நான் எடுக்கிறேன்” என்று நான் எடுத்தேன். தரையை ஈரத்துணியால் துடைக்கும்போது கை லேசாக நடுங்கியதை மறைக்காமல் இங்கே எழுதி வைக்கிறேன்.

அத்தை மாலைவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. அலுமினியத் தம்ளரைக் கோழிக்குத் தவிடு அள்ள எடுத்து வைத்துவிட்டேன். வேலியில் மேற்குப் பக்கம் இன்னும் பாக்கி இருப்பதால் பெரியவர் நாளையும் வருவார். இலை அறுத்து வைத்திருக்கிறேன்.