கல்யாண ஆர்டர்ல போட்டோ எடுக்கறது கால்வாசி, மீதி எல்லாம் ஆல்பம்தான்

காரைக்குடியில ஸ்டூடியோ வச்சிருக்கேன். புதுசா தொழிலுக்கு வர்ற பசங்க கேட்கறதெல்லாம் எந்த கேமரா பாடி வாங்கலாம், எந்த லென்ஸ் வாங்கலாம், ட்ரோன் வேணுமா இதுதான். கல்யாணம் முடிஞ்சு மண்டபத்த விட்டு வந்தப்புறம் ஆல்பம் அவங்க கைக்கு போயி பேலன்ஸ் நம்ம கைக்கு வர்ற வரைக்கும் என்ன பாடுபடணும்னு ஒருத்தனும் கேட்கறதில்ல. சென்னையில கோயம்புத்தூர்ல பெரிய டீம்னா அதுக்குன்னு தனி ஆளே இருப்பாங்க, நம்ம ஊர்ல எடுக்கறதும் நாமதான் டிசைன் பாக்கறதும் நாமதான் காசு கேட்டு போன் அடிக்கறதும் நாமதான். அதனால அந்த கதைய எழுதறேன்.

நான் லைட் புடிக்கற பையனா வேலைக்கு சேர்ந்தப்ப பிலிம் ரோல் காலம் முடியப்போற நேரம். ஒரு ரோல்ல 36 படம், லோட் பண்றதுல கெட்டிக்காரனா இருந்தா 37, 38 வரைக்கும் இழுக்கலாம். எங்க முதலாளி தாலி கட்டுற நேரம் நெருங்குதுன்னா ரோல்ல இன்னும் அஞ்சாறு படம் பாக்கி இருந்தாலும் கழட்டிட்டு புது ரோல் போட்டுருவாரு, கெட்டிமேளம் சத்தத்துல ரோல் முடிஞ்சுதுன்னா சாமியே வந்தாலும் திரும்ப கட்டச்சொல்ல முடியாதுல்ல. ஒவ்வொரு க்ளிக்கும் காசு, அதனால இத்தன ரோல்னு பேசித்தான் ஆர்டரே எடுப்பாங்க. எடுத்தத லேப்ல கழுவி, மேக்ஸி சைஸ் பிரிண்ட் போட்டு, வரிசையா ஆல்பத்துல சொருகி குடுத்துட்டா வேலை முடிஞ்சுது. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அப்ப செலெக்‌ஷன்னு ஒன்னு கிடையவே கிடையாது. எடுத்தது அத்தனையும் ஆல்பம், கண்ணு மூடினதும் சேத்துதான்.

டிஜிட்டல் வந்து ரோல் செலவு போச்சுன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டோம், நானும்தான். ஆனா ரோல் போன இடத்துல செலெக்‌ஷன் வந்து உக்காந்துகிச்சு. ரெண்டு கேமரா போட்டா ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் நாலாயிரம் படம் சாதாரணமா வருது, ஆல்பத்துல போறது இருநூறு சொச்சம். அந்த இருநூறு எதுன்னு அந்த வீட்டுக்காரங்க முடிவு பண்ணனும். அவங்க முடிவு பண்ணாம டிசைன் இல்ல, டிசைன் இல்லாம பிரிண்ட் இல்ல, பிரிண்ட் இல்லாம பேலன்ஸ் இல்ல. நம்ம தொழிலோட கழுத்து இங்கதான் மாட்டிக்கிட்டு இருக்கு.

முன்ன இது இவ்ளோ உறுத்தல, ஏன்னா கடையில கவுண்டர் வருமானம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. பாஸ்போர்ட் சைஸ், ஸ்டாம்ப் சைஸ், அதுலயே கடை வாடகையும் கரண்ட் பில்லும் கட்டிரலாம். பாஸ்போர்ட் சேவா கேந்திரா வந்தப்புறம் போட்டோவ அங்கயே எடுத்துக்கறாங்க, நாலு வயசுக்கு கீழ உள்ள குழந்தைக்குதான் வெளிய எடுத்துட்டு போகணும். ஆதார்லயும் அங்கயே கேமரா. நம்ம பக்கம் சிங்கப்பூர் மலேசியா போறவங்க அதிகம்ங்கறதால விசா படம் இன்னமும் போகுது, சிங்கப்பூர்னா 35க்கு 45 மில்லிமீட்டர், அமெரிக்கா விசான்னா ரெண்டுக்கு ரெண்டு இன்ச். அப்புறம் ஸ்கூல் ஐடி கார்டு, ப்ளஸ் டூ க்ரூப் போட்டோ. இதெல்லாம் டீ செலவுக்கு சரி, வீட்டுக்கு கல்யாண ஆர்டர்தான். அதுவும் ஆடி, புரட்டாசி, மார்கழி மூணும் காலி. 2020ல லாக்டவுன் போட்டு கல்யாணத்துக்கு 50 பேர்தான்னு வந்தப்ப ஆர்டர் இருந்தும் ஆல்பம் வேண்டாம் பென்ட்ரைவ் போதும்னாங்க, பாதிப்பேர் கடையவே மூடிட்டு வேற வேலைக்கு போயிட்டாங்க.

சரி, எடுக்கறதப் பத்தியும் கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா எங்க ஊர்ல அது தனி கூத்து. செட்டிநாட்டு வீட்டுக்குள்ள கல்யாணம் எடுக்கறது மண்டபத்துல எடுக்கற மாதிரி இல்ல. நடுவுல முற்றம் திறந்து கிடக்கும், காலைல ஒம்போது மணிக்கே வெயில் உள்ள கொட்டும், சுத்தி தூணுக்கு பின்னாடி உக்காந்திருக்கறவங்க இருட்டுல இருப்பாங்க. முற்றத்துக்கு எக்ஸ்போஷர் வச்சா பெரியவங்க எல்லாம் கருப்பா போயிருவாங்க, அவங்களுக்கு வச்சா முற்றம் வெள்ளையா வெந்துரும். பவுன்ஸ் அடிக்கலாம்னு ப்ளாஷ மேல திருப்பினா மேல பர்மா தேக்கு, பாதி வெளிச்சத்த அது முழுங்கிட்டு மீதிய பழுப்பா அனுப்பும். சுவத்துல அடிச்சா முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைச்ச சுவரு, கண்ணாடி மாதிரி பளீர்னு திருப்பி அடிக்கும். திருப்பூட்டுற (தாலி கட்டுற) நேரத்துல சொந்தக்காரங்க மொத்தமா சூழ்ந்துருவாங்க, கழுத்துருங்கற தாலில இருக்கற அவ்ளோ தங்கமும் ப்ளாஷ்ல வெள்ளையாகிரும். நான் இப்ப அந்த நேரத்துக்கு ப்ளாஷே போடறதில்ல, ஐஎஸ்ஓவ (கேமரா வெளிச்சத்த உணர்ற அளவு) 3200 வரைக்கும் ஏத்தி ரா (RAW) பைலா எடுத்துட்டு அப்புறம் கம்ப்யூட்டர்ல வெளிச்சத்த இழுத்துக்கறேன், க்ரெயின் கொஞ்சம் வந்தா வரட்டும். சாயங்காலம் ரிசப்ஷன்ல எல்ஈடி லைட்டுக்கு ஷட்டர் 1/100 இல்ல 1/50 வச்சுக்கணும், நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ்ங்கறதால வேற ஸ்பீடு வச்சா பல லைட்டுல படம் முழுக்க கோடு கோடா ஓடும். மேடைக்கு பின்னாடி பெரிய எல்ஈடி ஸ்க்ரீன் வேற வச்சிருந்தாங்கன்னா அதுக்கு ஒரு விதியும் கிடையாது, ரெண்டு மூணு டெஸ்ட் ஷாட் போட்டு பாக்கறதுதான் வழி.

எடுத்து முடிச்சு வீட்டுக்கு வந்ததும் தூக்கம் எவ்ளோ வந்தாலும் கார்ட ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல காப்பி போட்டுட்டுதான் படுக்கணும், அதுல ஒன்னு கடையில, ஒன்னு வீட்டுல. படம் பாக்கற லிங்க் அவங்களுக்கு அனுப்பற வரைக்கும் கார்ட பார்மட் பண்றதில்ல. இதுவரைக்கும் நம்ம கையில இருக்கற வேலை. லிங்க் அனுப்பினப்புறம்தான் கிணத்துல போட்ட கல்லு மாதிரி ஒரு சத்தமும் வராது.

பையன் பெங்களூர் திரும்பிருப்பான், பொண்ணு புது வீடு புது ஊரு, "வீக்கெண்ட் பாத்துட்டு சொல்றோம் அண்ணா"ன்னு ஒரு மெசேஜ் வரும். அந்த வீக்கெண்ட் வரவே வராது. அவங்கள குத்தம் சொல்லவும் முடியல, நாலாயிரம் படத்த போன் ஸ்க்ரீன்ல தள்ளி தள்ளி பாக்கச்சொன்னா யாருக்குதான் முடியும், அதுலயும் ஒரே மாதிரி எட்டு படம். இதுக்குள்ள இன்ஸ்டாவுக்கு வேண்டிய பத்து படம் முதல் வாரமே அவங்க கைக்கு போயிருச்சு, அப்புறம் ஆல்பத்துக்கு என்ன அவசரம்? அவசரம் நமக்குதான், பேலன்ஸ் நிக்குது, லென்ஸுக்கு டியூ போகுது.

ஒரு ஆர்டர் இப்படித்தான் இழுத்துகிட்டே போச்சு. ஆடி மாசம், வேலையும் இல்ல, சரின்னு லேப்டாப்ப தூக்கிட்டு பொண்ணோட அப்பத்தா வீட்டுக்கே போயிட்டேன். ஆச்சிக்கு எழுவது வயசுக்கு மேல இருக்கும், மொபைல்ல லிங்கெல்லாம் தெரியாது. முகப்புல பாய் போட்டு உக்கார வச்சு ஒவ்வொன்னா காமிச்சேன். எனக்கு ரொம்ப புடிச்ச ஒரு கேண்டிட் (போஸ் குடுக்காதப்ப எடுக்கற படம்), பொண்ணு தலைய சாச்சு சிரிக்கும், பின்னாடி தூண் வரிசை அப்படியே மங்கலா போகும். ஆச்சி பாத்துட்டு "கண்ண மூடிருக்காளே தம்பி, இதப்போயி வச்சிருக்கீக"ன்னு தள்ளிட்டாங்க. அடுத்து சம்பந்திக எல்லாம் வரிசையா நிக்கற படம், "இதுல காலு வெட்டிப் போச்சே, முழுசா இல்லையா?" நல்லவேளை முழுசும் இருந்துச்சு. யார் யாரு, எந்த ஊரு, யார் படம் இல்லன்னா யார் கோவிச்சுக்குவாங்க எல்லாம் ஆச்சிக்கு அத்துப்படி. "இவுக தேவகோட்டை, இவுகள வுட்டுட்டா அவ்வளவுதான்"னு சொல்லி சொல்லி எடுத்தாங்க. மதிய சாப்பாடு ஆகறதுக்குள்ள மொத்த செலெக்‌ஷனும் முடிஞ்சு போச்சு, அந்த வீட்டு பசங்க மாசக்கணக்கா பண்ணாதத ஆச்சி உக்காந்த இடத்துல முடிச்சு குடுத்துட்டாங்க. பேத்திக்கு அந்த சிரிக்கற படம் வேணும்னு போன்ல சண்ட போட்டு அதுவும் உள்ள போச்சு, அது வேற.

அதுல இருந்து நான் பண்றது, ஆர்டர் பேசும்போதே ஒன்னு கேட்டுருவேன், "செலெக்‌ஷன் யார் பண்ணுவாங்க?" மாப்பிள்ளை பேர சொன்னா எழுதிக்கறேன், ஆனா வீட்டுல ஒரு பெரியம்மா, அத்தை, அக்கா யாராவது இருக்காங்களான்னு பாத்து அவங்க நம்பரும் வாங்கிக்கறேன். முழு நாலாயிரத்தையும் அனுப்பறத விட்டுட்டேன், நானே வடிகட்டி அறுநூறு எழுநூறா குறைச்சு சடங்கு வாரியா போல்டர் போட்டு குடுக்கறேன். சிலர் "எல்லாத்தையும் குடுங்க"ம்பாங்க, குடுப்பேன், ஆனா ஆல்பம் வந்தப்புறம்.

இன்னொன்னு சொல்லணும். கேண்டிட் வந்தப்புறம் இந்த வரிசையா நிக்க வச்சு எடுக்கற ட்ரெடிஷனல் படத்த பசங்க கேவலமா பாக்குறாங்க. கடை வச்சு கொஞ்ச வருஷம் ஆனவங்களுக்கு தெரியும், ஒரு வீட்டுல பெரியவர் தவறிட்டா ராத்திரியோட நம்ம கடை ஷட்டர தட்டுவாங்க, "அண்ணே தங்கச்சி கல்யாணத்துல எடுத்தீங்கள்ல, அதுல அப்பா படம் இருக்கும் பாருங்க." அந்த க்ரூப் படத்துல இருந்துதான் முகத்த வெட்டி, பக்கத்துல நிக்கறவர் தோள அழிச்சு, பின்னாடி நீலம் போட்டு, 12க்கு 18 இன்ச் ப்ரேம் போட்டு விடியறதுக்குள்ள குடுக்கணும். க்ரூப் மங்கலா இருந்துச்சுன்னா அந்த முகமும் மங்கல்தான். அதனால மேடைக்கு வர்ற வயசானவங்க ஒவ்வொருத்தரையும் க்ரூப் முடிஞ்சதும் "ஐயா ஒரு நிமிஷம்"னு நிறுத்தி தனியா ஒன்னு எடுத்து வச்சுக்கறேன், எதுக்குன்னு யார்கிட்டயும் சொல்றதில்ல.

டிசைன் ரொம்ப நீட்டல. 12க்கு 36 இன்ச் ஷீட்னா நடுவுல மடிப்பு வரும், மடிப்புல முகம் வரக்கூடாது, பொண்ணு மூக்கு மேலயே கோடு விழுந்த ஆல்பமெல்லாம் இந்த ஊர்ல உலாத்துது. மானிட்டர் ப்ரைட்னெஸ் முழுசா வச்சு கரெக்‌ஷன் பண்ணா பிரிண்ட் இருட்டாத்தான் வரும், அப்புறம் லேப்காரன திட்டி பிரயோஜனம் இல்ல. பைல எஸ்ஆர்ஜிபி (sRGB) கலர் ப்ரொபைல்ல சேவ் பண்ணி அனுப்புங்க, லேப்ல வேற கேட்டா மட்டும் மாத்துங்க. பட்டுப்புடவை அரக்கு, குங்குமம் இது ரெண்டையும் ரொம்ப சாச்சுரேட் பண்ணாதீங்க (கலர ஏத்தாதீங்க), சரிகை வேலைப்பாடு எல்லாம் போயி ஒரே செவப்பு திட்டா நிக்கும். பிரிண்டுக்கு போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கத்தையும் வாட்ஸ்அப்ல அனுப்பி "ஓகே"ன்னு எழுத்துல வாங்கிக்கோங்க, பேருல ஒரு எழுத்து தப்பா இருந்தாலும் அடிச்ச ஷீட் குப்பைதான்.

இப்ப காசு. கேமரா மாத்த முத்ரா லோனுக்கு போனேன், கிஷோர்ங்கற பிரிவுல 50 ஆயிரத்துக்கு மேல 5 லட்சம் வரைக்கும் குடுக்கலாம், பிணை தேவையில்லன்னு திட்டத்துலயே இருக்கு, ஆனா நான் போன பேங்க்ல ஜாமீன் கையெழுத்து யாராவது போடுவாங்களான்னுதான் முதல் கேள்வியே. உத்யம் சர்டிபிகேட் (சிறுதொழில் பதிவு), கடை வாடகை பத்திரம், கேமரா கொட்டேஷன், அதோட ரெண்டு வருஷ ஆர்டர் புக்க காமிச்சேன். கடைசில அந்த ஆர்டர் புக்தான் வேலை செஞ்சுது, வருமானம் எந்த மாசம் வரும் எந்த மாசம் வராதுன்னு மேனேஜர் அதுலதான் பாத்து புரிஞ்சுகிட்டாரு. அதனால வாய்க்கணக்கு வச்சிருக்கறவங்க இன்னைக்கே ஒரு நோட்டு போடுங்க.

ஆர்டர் காச மூணா பிரிச்சுட்டேன். தேதி பிடிக்க ஒரு பங்கு, கல்யாணத்துக்கு முந்தின நாள் பெரிய பங்கு, ஆல்பம் டிசைன் ஓகே ஆகி லேபுக்கு போறதுக்கு முன்னாடி மீதி. ஆல்பம் கையில குடுத்துட்டு வாங்கலாம்னு விட்டா லேப் காசு நம்ம கைல இருந்து போயிரும். முதல்ல சொந்தக்காரங்களே மூஞ்சிய தூக்குனாங்க, "என்னப்பா எங்க மேல நம்பிக்கை இல்லையா"ன்னு. ஒரு பேப்பர்ல அச்சடிச்சு எல்லாருக்கும் ஒரே மாதிரி நீட்டினேன், அச்சடிச்ச பேப்பர்கிட்ட யாரும் சண்ட போடறதில்ல. அதுலயே செலெக்‌ஷனுக்கு மூணு மாசம்தான், அதுக்கு மேல போனா நானே எடுத்து டிசைன் போட்டுருவேன்னும், ஆல்பம் குடுத்து ஒரு வருஷம் வரைக்கும்தான் டேட்டா வச்சிருப்பேன்னும் போட்டிருக்கேன். ரெண்டாவத நான் கடைபிடிக்கறதில்ல, பழைய ஹார்ட் டிஸ்க் அத்தனையும் பீரோல இருக்கு, காரணம் மேல சொன்ன ராத்திரி கதவு தட்டுற கேஸ்.

ஆல்பத்த கடைக்கு வந்து வாங்கிக்கச்சொல்லாதீங்க, நேரம் போனாலும் வீட்டுக்கே எடுத்துட்டு போங்க. பாக்ஸ பிரிச்சதும் பக்கத்து வீட்டுல இருந்து எதிர்வீட்டுல இருந்து எல்லாம் வந்து சுத்தி உக்காந்துருவாங்க, காபி வரும், பக்கத்த புரட்டிக்கிட்டே யாராவது ஒரு அத்தை "எங்க பையனுக்கு ஆவணில பாத்துருக்கு, நீங்க எவ்ளோ வாங்குறீக?"ன்னு கேப்பாங்க. நான் அச்சடிச்ச பேப்பர் ரெண்டு எப்பவும் கேமரா பேக்ல வச்சிருப்பேன்.