நடுக்கடலில் 45 நிமிடம்

பார்சிலோனாவில் கிளம்பி, கேனரித் தீவுகளைத் தொட்டுவிட்டு ஃபுளோரிடா போகும் குரூஸ் கப்பலில், தீவைத் தாண்டியதும் ஏறக்குறைய ஒரு வாரத்துக்குக் கரையே கண்ணில் படாது. கோடை முழுக்க மத்தியதரைக் கடலில் ஓடிய கப்பல்கள் குளிர்காலத்துக்குக் கரீபியன் பக்கம் இடம் மாறும் பயணம் அது. வசந்த காலத்தில் இதே கப்பல்கள் திரும்பி வரும். ஆயிரக்கணக்கான பயணிகளை அத்தனை நாளும் சலிப்பில்லாமல் வைத்திருக்க நீச்சல் குளமும் பிங்கோவும் மட்டும் போதாது. அதனால் காலை வேளைகளில் தியேட்டரில் உரைகள் வைப்பார்கள். வரலாறு, வானியல், கடல் உயிரினங்கள் என்று பேச வெளியிலிருந்து ஆட்களை அழைத்து வருவார்கள். வருடம் முழுக்கப் பயணத்திலேயே வாழ்வது பற்றிப் பேச, சென்ற இலையுதிர் காலத்தில் என்னை அழைத்திருந்தார்கள். இது எப்படிக் கிடைத்தது, என்னென்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் பலரும் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எங்களைப் பற்றிச் சுருக்கமாக. நானும் கணவரும் கோவை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அந்த வாடகையிலும் அவருடைய பென்ஷனிலும் ஊர் ஊராகத் தங்கி வாழ்கிறோம். மலேசியாவின் பினாங்கு, வியட்நாமின் டா நாங், ஜார்ஜியா நாட்டின் திபிலிசி என்று ஒரு ஊரில் குறைந்தது ஒரு மாதமாவது இருப்போம். சமைப்போம், சந்தைக்குப் போவோம், பக்கத்து வீட்டாரோடு பழகுவோம். தை மாதம் மட்டும் கோவையில்.

கப்பல் பேச்சாளர்களில் இரண்டு வகை உண்டு. அடுத்து வரும் துறைமுகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு வகை. ஏதாவது ஒரு துறையில் அனுபவம் உள்ளவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது. இந்த வாய்ப்புகளில் பெரும்பாலானவை, கப்பல்களுக்குப் பேச்சாளர்களைப் பிடித்துத் தரும் ஏஜென்சிகள் வழியாக வருபவை. சம்பளம் கிடையாது. இருவருக்கு ஒரு கேபினும் சாப்பாடும் இலவசம், அவ்வளவுதான். விமான டிக்கெட், விசா, டிப்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் நம் செலவு. இது போக ஏஜென்சிக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று கட்டணமும் கட்ட வேண்டும். "சும்மா கூட்டிட்டுப் போறாங்க" என்று நினைத்துக்கொண்டு யாரும் இறங்க வேண்டாம். காகிதத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பத்துக்கு ஒரு பக்கத் தன்விவரம், நல்ல புகைப்படம், ஐந்தாறு உரைகளின் தலைப்பும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரிச் சுருக்கமும், ஒரு டெமோ வீடியோ. இதில் எல்லாமே தொங்குவது வீடியோவில்தான். கேமராவைப் பார்த்துத் தனியாகப் பேசியதை அவர்கள் மதிப்பதில்லை; எதிரே ஆட்கள் உட்கார்ந்திருக்க வேண்டும், அவர்கள் சிரிப்பதும் கேள்வி கேட்பதும் காதில் விழ வேண்டும். கோவையில் ஒரு ரோட்டரி கிளப் கூட்டத்தில் ஆங்கிலத்தில் பேசி, அதைக் கணவரின் போனில் எடுத்து அனுப்பினேன். பல மாதங்கள் பதிலே இல்லை. இந்தத் தொழிலில் அது சகஜமாம். காத்திருந்த நாட்களில் தலைப்புகளை மெருகேற்றினேன். முந்தின இரவு கேபினுக்கு வரும் நிகழ்ச்சி நிரலில் அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் பயணி நாளைக் காலை தியேட்டருக்கு வருவதா, வெயிலில் படுப்பதா என்று முடிவு செய்வார். "எங்கள் உலகப் பயண அனுபவங்கள்" என்று வைத்தால் ஒருவரும் எழுந்து வர மாட்டார். "சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்: வீட்டை விற்காமல் உலகில் வாழ்வது" என்று மாற்றினேன்.

இனி, நம் ஊர்க்காரர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. ஏஜென்சியிடமிருந்து வாய்ப்பு பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் வரும். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட பேச்சாளருக்கு உடம்பு சரியில்லை, இரண்டு வாரத்தில் கப்பல் ஏற முடியுமா என்பார்கள். அமெரிக்கரோ ஆங்கிலேயரோ பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடலாம். இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு இரண்டு வாரத்தில் விசா நேர்காணலுக்குத் தேதிகூட வாங்க முடியாது. ஆகவே விசா முதலிலேயே கையில் இருக்க வேண்டும். எங்களிடம் பத்து வருட அமெரிக்க பி1/பி2 விசா (சுற்றுலாவுக்கும் தொழில் பயணத்துக்குமான விசா) இருந்தது. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுதியான ஷெங்கனுக்கு, 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்காகக் கொண்டுவந்த விதி கைகொடுத்தது: கடந்த மூன்று ஆண்டுகளில் இரண்டு ஷெங்கன் விசாக்களை வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால், அடுத்து இரண்டு வருடத்துக்குப் பலமுறை போய்வரும் விசா கொடுக்கலாம், அதற்கு அடுத்தது ஐந்து வருடம். இந்த இரண்டு விசாக்கள் இருந்ததால்தான் அழைப்பு வந்த அன்றே "சரி, வருகிறோம்" என்று சொல்ல முடிந்தது. கப்பலில் ஏறும்போது போகும் வழியில் உள்ள எல்லா நாட்டு விசாவையும் பார்ப்பார்கள். ஒன்று குறைந்தாலும் ஏற்ற மாட்டார்கள், பேச்சாளர் என்று சலுகை எதுவும் கிடையாது.

ஒப்பந்தத்தில் இருந்த நிபந்தனைகள் நியாயமானவை. மேடையில் புத்தகமோ வேறு எதுவுமோ விற்கக் கூடாது. அரசியல் பேசக் கூடாது. 45 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, ஏனென்றால் அதே அரங்கில் அடுத்த நிகழ்ச்சி காத்திருக்கும். காசு கொடுத்து வந்த பயணிகளுக்கு எங்கும் முதலிடம். கப்பலில் நமக்கு மேலதிகாரி க்ரூஸ் டைரக்டர். அவர் சொல்லும் நேரத்துக்குத் தயாராக நிற்க வேண்டும்.

முதல் உரைக்கு முந்தின மாலை ஒலிச்சோதனை. சட்டையில் குத்தும் மைக்கோடு வந்த இளைஞர் என் சேலையைப் பார்த்துத் தயங்கி நின்றார். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்துவிட்டது. "மேடம்" என்று தொடங்கியவர், நான் தமிழில் பேசியதும் "அக்கா" ஆக்கிவிட்டார். "அக்கா, இந்த டப்பாவ மாட்ட உங்களுக்கு பெல்ட் இல்லியே" என்றார். பாவாடை நாடாவில் முதுகுப் பக்கமாக மாட்டிக்கொண்டேன். அடுத்த பிரச்சினை முந்தானை. நான் திரும்பும்போதெல்லாம் பட்டு மைக்கில் உரசி, ஸ்பீக்கரில் சரசரவென்று காகிதம் கசக்குகிற சத்தம். அவரே போய்க் காதில் மாட்டும் மைக்கை எடுத்து வந்தார். "நாளைக்கி காட்டன் சேல கெட்டுங்கக்கா" என்றும் சொன்னார். பயணம் முடியும்வரை சுங்குடிதான். இன்னொன்றும் அவர் சொல்லித்தான் தெரிந்தது: தியேட்டர் கப்பலின் முன்முனையில் இருக்கிறது, அலை ஏறி இறங்குவது அங்கேதான் அதிகம். காலைச் சற்று அகட்டி, முழங்காலைத் தளர்த்தி நிற்கச் சொன்னார். மறுநாள் பேசும்போது பின்னால் திரைச்சீலை மொத்தமாக ஒரு பக்கம் போய்த் திரும்பியது; நான் விழாமல் நின்றேன்.

அந்த முதல் உரையில் நான் முக்கியமாகப் பேசியது 90/180 விதி. ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. இது அமெரிக்கர்களுக்கும் உண்டு என்பது பலருக்குப் புதுச்செய்தி. முன்பெல்லாம் அந்த 90 முடிந்ததும் குரோஷியாவுக்குப் போய்க் காத்திருப்பார்கள். 2023 ஜனவரியில் அதுவும் ஷெங்கனில் சேர்ந்துவிட்டது. அல்பேனியாவிலும் ஜார்ஜியாவிலும் அமெரிக்கர்கள் விசா இல்லாமல் ஒரு வருடம் இருக்கலாம் என்று சொன்னதும் பலர் போனை எடுத்துக் குறித்துக்கொண்டார்கள். ஜார்ஜியாவுக்குள் இந்தியர்களான எங்களுக்கு எப்படி அனுமதி என்று ஒருவர் கேட்டார். செல்லுபடியாகும் உங்கள் அமெரிக்க விசா எங்கள் பாஸ்போர்ட்டில் இருப்பதால்தான் என்றேன். ஒரே உலகத்தில் இரண்டு பாஸ்போர்ட்டுகள் எவ்வளவு வேறாக நடத்தப்படுகின்றன என்பதை அந்த அரங்கம் அமைதியாகக் கேட்டது. எனக்கு அது பெரிய திருப்தி.

உரை முடிந்த பிறகுதான் உண்மையான கேள்விகள் வந்தன. அரங்கில் இருந்தவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். மேடையில் கை தூக்காதவர்கள் மதியச் சாப்பாட்டு வரிசையிலும் லிஃப்டிலும் வந்து கேட்டார்கள். பிரஷர் மாத்திரை தீர்ந்தால் என்ன செய்வீர்கள்? கடிதங்கள் எந்த முகவரிக்கு வரும்? பேங்க் அனுப்பும் ஓடிபி வெளிநாட்டில் வருமா? பேரப்பிள்ளைகளைப் பார்க்காமல் எப்படி இருக்கிறீர்கள்? அருவி எப்படி இருந்தது, கோட்டை எப்படி இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. இவர்களில் பலர் மனதுக்குள் கிளம்பிவிட்டவர்கள். அவர்களைத் தடுப்பது இந்தச் சின்னச் சின்னக் கேள்விகள்தான். அவற்றுக்கு நேர்மையாகப் பதில் சொல்வதுதான் என் வேலை என்று அன்று மதியமே முடிவு செய்தேன்.

மேற்கே போகும்போது அமெரிக்க நேரத்தை எட்டும்வரை பல இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அந்தக் கூடுதல் நேரத்தில் உட்கார்ந்து அடுத்த உரைகளின் ஸ்லைடுகளை மாற்றினேன். இயற்கைக் காட்சிகள் வெளியே. எங்கள் மாதச் செலவுத் தாள், சமையலறை, மருந்துப் பை உள்ளே. மருந்துச் சீட்டில் பிராண்டு பெயரோடு மூலப்பெயரும் இருக்க வேண்டும், ஏனென்றால் பிராண்டு நாட்டுக்கு நாடு மாறும். கவனக்குறைபாட்டுக்கு அமெரிக்காவில் சாதாரணமாக எழுதிக் கொடுக்கும் அடெரால் மாத்திரை ஜப்பானுக்குள் போகவே முடியாது. முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பொதுவாக அமெரிக்காவுக்கு வெளியே சிகிச்சைச் செலவைத் தராது. ஓடிபிக்காக நம் ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருக்கிறோம் என்றபோது அரங்கமே தலையாட்டியது. அவர்களுக்கும் அதே தொல்லை.

கடைசி உரையில் மட்டும் ஒரு வரலாற்றுத் துண்டு. 1937 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள். இதே அட்லாண்டிக்கில், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் ஏ.கே. செட்டியார் என்ற தமிழ் இளைஞர் பயணம் செய்துகொண்டிருந்தார். காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் அவருக்கு உதித்தது. அதற்காக நாடு நாடாக அலைந்து படச்சுருள்களைத் தேடிச் சேர்த்தார். 1940-ல் படம் வெளிவந்தது. செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரரைப் பற்றி நடுக்கடலில் அமெரிக்கர்களிடம் பேசியபோது என் குரல் கொஞ்சம் தழுதழுத்தது உண்மை.

பயணம் முடிந்ததும் க்ரூஸ் டைரக்டர் பேச்சாளரைப் பற்றி ஏஜென்சிக்கு ஒரு மதிப்பீடு அனுப்புவார். எத்தனை பேர் வந்தார்கள், நேரத்துக்கு முடித்தாரா, பயணிகளோடு பழகினாரா என்றெல்லாம் அதில் இருக்கும். அடுத்த வாய்ப்பு அதைப் பொறுத்தது. எனக்கு நல்லபடியாகவே எழுதியிருந்தார். வசந்தத்தில் கிழக்கே திரும்பும் பயணத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். இந்த முறை மருந்து, மருத்துவமனை, இன்சூரன்ஸுக்கு மட்டுமே தனியாக ஓர் உரை கொடுத்திருக்கிறேன். பினாங்கில் கணவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை செய்த பில்களை அதற்காகத்தான் இப்போது தேடி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.