மதிய வெயிலில் ஸ்வர்ணலதா

அப்பாவின் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழை. அதைத் திருத்த இன்று மூன்றாவது முறையாகப் போனேன். காலை 10 மணியிலிருந்து வரிசை. என் முறை வந்தபோது மணி ஒன்று. "சர்வர் வேலை செய்யல, நாளைக்கு வாங்க" என்றார்கள். அரை நாள் லீவு போச்சு. வெளியே வந்தால் பஸ்ஸும் கண் முன்னாலேயே கிளம்பிவிட்டது. நிழலே இல்லாத நிறுத்தம். அழுகை தொண்டை வரை வந்துவிட்டது.

சரி என்று ஹெட்போனை மாட்டிப் பாடகி ஸ்வர்ணலதாவைப் போட்டேன். முதலில் 'சத்ரியன்' படத்தின் 'மாலையில் யாரோ'. 1990-இல் இளையராஜா இசையில் அதைப் பாடும்போது அவருக்கு 17 வயதுதான். அந்த வயதில் அந்த ஏக்கத்தை எங்கிருந்து கொண்டுவந்தாரோ! எவ்வளவு மேலே போனாலும் அதட்டாத குரல். பக்கத்தில் உட்கார்ந்து நமக்கு மட்டும் பாடுவது போல இருக்கும். அப்புறம் 'அலைபாயுதே'யின் 'எவனோ ஒருவன்'. புல்லாங்குழலுக்கும் அவர் குரலுக்கும் நடுவில் என் கோபம் எப்போது கரைந்தது என்றே தெரியவில்லை. இதே பெண்தான் 'முக்காலா' பாட்டில் குரலாலேயே அப்படி ஓர் ஆட்டம் போட்டவர்!

'கருத்தம்மா' பாட்டுக்குத் தேசிய விருது வாங்கியவர், 2010-இல் 37 வயதிலேயே போய்விட்டார். நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

அடுத்த பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவருக்குப் பிடித்தது 'போவோமா ஊர்கோலம்'. இப்போது சமையலறையில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது, அம்மாவும் கூடவே பாடிக்கொண்டிருக்கிறார்.