அம்மாவின் கிளினிக் கொப்பி

தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்துக்கு, அதாவது வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண் வெடித்ததும், மண்சரிவு அபாயம் பார்க்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் வந்து பார்த்து, அங்கிருந்து எழும்பச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களை மூடியதைக் கேள்விப்பட்ட ஆட்கள் நாங்கள். யாரும் மறுபேச்சு பேசவில்லை. கொஞ்ச நாளில் 7 பேர்ச் காணியில் தனி வீடும் கிடைத்தது. அம்மாவின் மருந்துக்குத்தான் திண்டாட்டம்.

லயத்திலிருந்து டிஸ்பென்சரி பத்து நிமிஷ நடை. சீனிக்கும் பிரஷருக்கும் மாதம் ஒருமுறை டவுன் கிளினிக். புது வீட்டிலிருந்து அதே டவுனுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான். வெறும் வயிற்றோடு போய்ச் சேர்ந்தால் நம்பர் துண்டு எழுபதைத் தாண்டியிருக்கும். ஒருநாள் வரிசையிலேயே அம்மாவுக்குக் கை நடுங்கி வேர்த்துவிட்டது. பக்கத்திலிருந்த அக்கா டொபி ஒன்றை வாயில் போட்டுவிட்டார். அன்றைக்கே கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்கு மாற்றுவதென்று முடிவெடுத்தேன்.

அங்கே பழைய கிளினிக்கின் கடிதமும் கிராம சேவகரின் வதிவிடச் சான்றும் கேட்டார்கள். பழைய கிராம சேவகர், "நீங்க போயிட்டீங்களே" என்றார். புதியவர், "இடாப்புல பேர் இல்லையே" என்றார். இப்படியே மூன்று கிழமை. மருந்தை அம்மா பாதி பாதியாக முறித்துக் குடித்ததை எனக்குச் சொல்லவேயில்லை.

வழி காட்டியது மிட்வைப் மிஸ். பக்கத்து வீட்டுப் பிள்ளையை நிறுக்க வந்தவர், இங்குள்ள வீடுகளுக்குத் தானே நம்பர் போட்டுப் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார். நாங்கள் 14. அவரே கிராம சேவகருக்குப் போன் எடுத்துச் சொன்னார். அடுத்த நாள் கடிதம். அதற்குப் பிரதேச செயலகத்தில் ஒரு சீல். பழைய கிளினிக் டொக்டர் குளிசைப் பெயர்களைக் கொப்பியிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அதைப் போட்டோ பிடித்து வைத்துக்கொண்டது நல்லதாய்ப் போயிற்று, ஒருமுறை கொப்பி மழையில் நனைந்தது.

தோட்டத்து ரோட்டுக்குப் பிரதேச சபை காசு போட முடியாது என்ற பழைய கதை 2018இல் சட்டத்தைத் திருத்தியதோடு முடிந்திருக்க வேண்டும். எங்கள் கல் ரோட்டில் ஏற திரீவீல்காரர் இன்னும் யோசிக்கிறார். கிளினிக் நாளில் அம்மாவைச் சந்திவரை நடத்தித்தான் கூட்டிப்போகிறேன்.

மருந்துக் கவரில் எழுதியிருக்கும் சிங்களம் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. காலைக் குளிசைக் கவரில் சூரியனும் இரவுக் கவரில் பிறையும் பேனையால் கீறிக் கொடுத்திருக்கிறேன். புதுக் கொப்பியின் முகப்பில் அடையாள அட்டையைப் பார்த்து எழுதிய விலாசம் இருக்கிறது: பழைய லயம்.