எல்விஸ் என்று தேடினால் கிடைக்காத பாட்டு

ஒரு பாட்டுக்கு இருபத்திரண்டு கட்டம் நிரப்ப வேண்டும். பாட்டின் பெயர், பாடியவர், எழுதியவர், வெளியான வருஷம், நீளம் என்று போய்க்கொண்டே இருக்கும். பதினேழாவது கட்டத்தில், யாரையாவது பற்றிய பாட்டாக இருந்தால் அந்த ஆளின் பெயர். அதற்கு அடுத்த கட்டத்தில் மூன்று சாய்ஸ்: 'இவரைப் பற்றியது', 'பெயர் மட்டும் வருகிறது', 'தொடர்பில்லை'. ஒன்றைத் தட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனியில் நான் பார்த்த வேலை இது. வெளிநாட்டுப் பாட்டுச் சேவை ஒன்றுக்கு மெட்டாடேட்டா போட்டுக் கொடுப்போம். மாலை ஏழு மணிக்கு உள்ளே போனால் விடிகாலை நாலரைக்கு கேப். "ராத்திரி முழுக்கப் பாட்டு கேக்குறதுக்கா சம்பளம் குடுக்குறான்?" என்று அம்மா கேட்டார். ஆமாம் என்றேன். கடைசிவரை அவர் அதை நம்பவில்லை.

ஒரு ஜூலை மாதக் கடைசியில் வந்தது எல்விஸ் பிரெஸ்லி வேலை. 'ராக் அண்ட் ரோல் ராஜா' என்று பெயரெடுத்த அமெரிக்கப் பாடகர். ஆகஸ்ட் 16 அவருடைய நினைவு நாள். 1977இல் அந்தத் தேதியில்தான், நாற்பத்திரண்டு வயதில், மெம்ஃபிஸ் நகரத்தில் இருந்த கிரேஸ்லேண்ட் வீட்டில் இறந்துபோனார். அன்றைக்கு வெளியிட ஒரு பட்டியல் வேண்டுமாம். எல்விஸ் பாடியவை வேண்டாம், அவரைப் பற்றி மற்றவர்கள் பாடியவை வேண்டும். ஒரு வாரம் டைம். இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். வரிகள் எல்லாம் எங்களிடம் டெக்ஸ்டாகவே இருந்தன. ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து. தேடினால் வந்து விழப்போகிறது. மூன்று நாளில் முடித்து, டீம் லீடிடம் நல்ல பெயரும் வாங்கிவிட்டேன்.

நாலாம் நாள் திரும்பி வந்தது. கிளையண்ட் இரண்டே கேள்விதான் கேட்டிருந்தார்கள். எல்விஸ் காஸ்டெல்லோவின் பாட்டுகள் ஏன் வரிசையாக உள்ளே இருக்கின்றன? 'பிளாக் வெல்வெட்' ஏன் இல்லை?

முதல் கேள்விக்கு நான் வெட்கப்பட்டே ஆக வேண்டும். தேடும்போது பாடியவர் பெயர்க் கட்டத்தை விலக்க மறந்திருக்கிறேன். காஸ்டெல்லோ லண்டன்காரர், இயற்பெயர் டெக்லன் மக்மேனஸ். பிரெஸ்லியின் பெயரை எடுத்து ஒட்டிக்கொண்டவர். அந்தப் பெயரோடு முதல் ஆல்பம் வந்தது 1977 ஜூலையில். நிஜமான எல்விஸ் இறப்பதற்குச் சில வாரம் முன்னால். மற்றபடி அவர் பாட்டுகளுக்கும் இந்தப் பட்டியலுக்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் டீமில் அதற்குப் பதில் தெரிந்தவர் ஒருவர்தான். பெரம்பூர்க்காரர், ஆங்கிலோ இந்தியர், ரயில்வேயில் இருந்து வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வந்தவர். ஆங்கிலப் பாட்டு வரிகளைக் காதால் பிடிப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது என்பதால் அந்த வயதிலும் எடுத்திருந்தார்கள். எல்லோருக்கும் அவர் அங்கிள்தான். சின்ன வயதில் ரேடியோ சிலோன் ஆங்கில ஒலிபரப்பில் எல்விஸ் கேட்டு வளர்ந்தவர். ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸில் எல்விஸ் மாதிரி ஆடித்தான் ஆன்ட்டியைப் பிடித்தேன் என்பார். எல்விஸ் என்றால் அவருக்குச் சொந்தக்காரர் மாதிரி.

"என்ன மேன் பண்ணி வச்சிருக்கே?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஹெட்போனில் ஒரு காதை எனக்குக் கொடுத்துவிட்டு இன்னொன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டார். ராத்திரி இரண்டரை மணி. ஏ.சி. உறுமலுக்கு மேலே மெதுவாக ஒரு பேஸ் கிட்டார் நடக்க ஆரம்பித்தது.

பாடுவது அலனா மைல்ஸ், கனடாக்காரர். பாட்டு முழுக்க மிசிசிப்பி மாநிலத்து வெயில். மழையில்லாத ஊர், பழைய கிராமபோனில் ஜிம்மி ரோஜர்ஸ் என்ற பாடகரின் குரல், குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் ஒரு தாய், அந்தப் பையன் வளர்ந்து பாட வரும்போது கிறங்கிப்போகிற பெண்கள். பெயர் மட்டும் இல்லை. ஒரு இடத்திலும் இல்லை. "பேர் எங்க வருது அங்கிள்?" என்று கேட்டேன். "பேர் எதுக்கு? இது வேற யாரு, உங்க மாமாவா?" என்றார்.

பிறகு தேடிப் படித்தேன். இதை டேவிட் டைசனோடு சேர்ந்து எழுதியவர் கிறிஸ்டோபர் வார்டு. எல்விஸின் பத்தாவது நினைவு நாளுக்காக 1987இல் மெம்ஃபிஸுக்கு பஸ்ஸில் கிளம்பிய ரசிகர் கூட்டத்தோடு ஒரு டிவி நிகழ்ச்சிக்காகப் போனவர். அந்தப் பயணத்தில் பிறந்த பாட்டு 1990இல் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. சரி, இப்போது பதினெட்டாவது கட்டத்தில் எதைத் தட்டுவது? 'இவரைப் பற்றியது' என்று தட்டினேன். வரிகளில் ஆதாரம் இல்லை என்று, எங்கள் வேலையைச் சரிபார்க்கும் க்யூசியில் சிவப்பு அடித்துத் திரும்பி வந்தது. கிளையண்ட் கேட்டதே இந்தப் பாட்டைத்தானே என்று மெயில் போட்டேன். ஒரு நாள் போனது.

அப்புறம் அங்கிளும் நானும் பட்டியலை முதலில் இருந்து பிரித்தோம். அப்போதுதான் தெரிந்தது, எல்விஸ் உயிரோடு இருந்தபோது வந்த பாட்டுகள் வேறு ஜாதி. 1956இல் அவர் டிவியில் இடுப்பை ஆட்டிய வேகத்தில் ஜேனிஸ் மார்ட்டின் என்ற பதினாறு வயதுப் பெண் 'மை பாய் எல்விஸ்' என்று பாடியிருக்கிறார். 'பெண் எல்விஸ்' என்றே கம்பெனி அவரை விற்றது. ரசிகையின் கிறுக்கு, அவ்வளவுதான். தட்டிவிட்டுப் போகலாம்.

நின்று பார்க்க வேண்டியது 'ஆல் அமெரிக்கன் பாய்'. கிட்டார் வாங்கி, ஊர் ஊராகப் பேர் வாங்கி, கடைசியில் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போகப்படும் ஒரு பையனின் கதை. பாட்டாகப் பாடாமல் பேச்சாகச் சொல்லிக்கொண்டே போகும். எல்விஸ் 1958 மார்ச்சில் ராணுவத்தில் சேர்ந்தார். அந்த வருஷமே இந்தப் பாட்டும் வந்துவிட்டது. இதிலும் பெயர் இல்லை. வேடிக்கை அதுவல்ல. பாடியவர் பாபி பேர், ஆனால் ரெக்கார்டில் அச்சானது அவர் நண்பர் பில் பார்சன்ஸின் பெயர். கம்பெனி செய்த குளறுபடி. பாட்டு இரண்டாம் இடம் வரைக்கும் ஏறியபோது பாபி பேர் நிஜமாகவே பட்டாளத்தில் இருந்தார். அரை நூற்றாண்டுக்கு முந்தைய மெட்டாடேட்டா தப்பு! எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. 'பாடியவர்' கட்டத்தில் யார் பெயரைப் போடுவது என்று அதற்கும் ஒரு மெயில் போட்டோம். இரண்டு பெயரையும் போடச் சொன்னார்கள்.

1977க்குப் பிறகு வந்தவை ஒப்பாரி. அவர் இறந்த சூட்டோடு ரானி மெக்டவல் என்பவர் 'தி கிங் இஸ் கான்' பாடி வெளியிட்டார். குரல் எல்விஸ் குரல் மாதிரியே இருக்கும். அமெரிக்க ஹிட் பட்டியலில் பதின்மூன்றாம் இடம் வரை போயிற்று. அவர் ஒருவர் இல்லை, அந்த மாதங்களில் இப்படி வரிசையாக வந்திருக்கின்றன. தலைவர் செத்தால், ரயில் கவிழ்ந்தால், கொலை நடந்தால் மறு வாரமே காலணா, அரையணாவுக்குப் பாட்டுப் புத்தகம் போட்டு விற்ற நம் ஊர் குஜிலிக் கடைகள் ஞாபகம் வந்தது. அங்கிளுக்கு இந்த வகை பிடிக்காது. "சாவு வீட்டுல கலெக்‌ஷன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அந்த வரிசைகளை நானே முடித்தேன். எல்லாமே 'இவரைப் பற்றியது'. இவ்வளவு சுலபமாகக் கட்டம் நிரம்பிய பாட்டு வேறு இல்லை. இரண்டாம் முறை கேட்கத் தோன்றியதும் இதில் ஒன்றுகூட இல்லை.

எண்பதுகளுக்கு வந்தால் ஆளே காணாமல் போகிறார், வீடு மட்டும் நிற்கிறது. 1982இல் கிரேஸ்லேண்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் 'கிரேஸ்லேண்ட்' 1986இல் வந்தது. தென்னாப்பிரிக்க இசைக்காரர்களோடு ஜோகன்னஸ்பர்க்கில் போட்ட தாளத்துக்கு வரி யோசிக்கும்போது வாயில் சும்மா வந்த சொல்லாம் அது. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார், அது போகவே இல்லை. கடைசியில் காரை எடுத்துக்கொண்டு அந்த வீட்டைப் பார்க்கவே போய்விட்டார். பாட்டில் வருவது மனைவியைப் பிரிந்த ஒருவன் மகனோடு போகும் பயணம். அவனுக்கு அங்கே எல்விஸிடம் ஒரு வேலையும் இல்லை. வாசலில் சேர்த்துக்கொள்வார்கள் என்று ஒரு நம்பிக்கை, அவ்வளவே. 1991இல் மார்க் கோன் பாடிய 'வாக்கிங் இன் மெம்ஃபிஸ்' பாட்டில் எல்விஸின் ஆவியே வருகிறது, வந்த வேகத்தில் போயும் விடுகிறது. பாட்டின் உயிர், மிசிசிப்பியில் ஒரு சின்ன ஓட்டலில் பியானோ வாசித்துக்கொண்டிருந்த மியூரியல் என்ற வயதான அம்மாவிடம் இருக்கிறது. மியூரியல் வில்கின்ஸ் நிஜமானவர்தான். ஆனால் அந்தம்மா பெயரில் பட்டியல் கேட்டு எந்த கிளையண்டும் மெயில் போடப்போவதில்லை.

"வீட்டுச் சுவரப் பாத்து அழுற பாட்டு" என்று இவற்றுக்கு அங்கிள் பெயர் வைத்தார். அப்போதுதான் ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் கதையைச் சொன்னேன். 1976இல், ஒரு கச்சேரி முடிந்த நடுராத்திரியில், அவர் அந்தச் சுவரிலேயே ஏறிக் குதித்திருக்கிறார். எல்விஸ் வீட்டில் இல்லை என்று காவலர்கள் கூட்டி வந்து வெளியே விட்டார்களாம். பின்னாளில் 'ஜானி பை பை' என்று எல்விஸ் மரணத்தைப் பற்றி ஒரு குட்டிப் பாட்டு செய்தார். இரண்டு நிமிஷம்கூட இல்லை. அங்கிளுக்கு அது பிடித்துப்போனது. "இவன் அழல மேன், போய்ப் பாத்துட்டு வந்து சொல்றான்."

ஐந்தாம் நாள் ராத்திரி வந்தது பப்ளிக் எனிமி என்ற கறுப்பின ராப் குழுவின் 'ஃபைட் த பவர்'. இயக்குநர் ஸ்பைக் லீயின் படத்துக்காக 1989இல் செய்தது. எல்விஸ் பெயர் வருகிறது, வந்ததும் வசவு விழுகிறது. பலருக்கு நாயகன், எனக்கு அவன் ஒன்றுமே இல்லை என்கிற தொனி, அதற்கு மேலும் கடுமையான சொற்கள். இதை அங்கிள் முன்னால் எப்படிப் போடுவது என்று தயங்கினேன். பக்கத்திலேயே இருந்தார், எடுத்துக் கேட்டார். மூன்று தடவை கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்ததை நான்தான் மெல்லச் சொன்னேன். 1954 ஜூலையில் மெம்ஃபிஸ் சன் ஸ்டுடியோவில் எல்விஸ் பாடி வெளியான முதல் பாட்டு ஆர்தர் க்ருடப் என்ற கறுப்பினப் பாடகருடையது. 'ஹவுண்ட் டாக்' பாட்டை எல்விஸுக்கு மூன்று நாலு வருஷம் முன்பே பிக் மாமா தார்ன்டன் பாடி ஹிட்டாக்கிவிட்டார். கிரீடம் மட்டும் ஒருவர் தலையில். பப்ளிக் எனிமியின் பாடகர் சக் டி பின்னாளில் விளக்கமும் கொடுத்தார்: எல்விஸின் பாட்டுத் திறமையில் தனக்குச் சண்டை இல்லை, அவரை மட்டும் ராஜா என்று வைத்துவிட்டு மற்றவர்களை மறந்ததுதான் கோபம் என்று.

அங்கிள் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "ராஜான்னு இவன் சொல்லிக்கல. நாங்கதான் சொன்னோம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப இது எல்விஸைப் பத்தினது இல்ல. எங்களைப் பத்தினது. அப்படி ஒரு கட்டம் இருக்கா?"

இல்லை. 'பெயர் மட்டும் வருகிறது' என்று தட்டினேன். கிளையண்ட் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள், பட்டியலில் சேர்க்கவில்லை. நினைவு நாளுக்கு ஏற்றதல்ல என்று நினைத்திருக்கலாம். எனக்கு இன்னும் அது தப்பாகத்தான் படுகிறது. நாங்கள் கேட்டவற்றில் எல்விஸை உண்மையிலேயே எதிரில் நிறுத்திப் பேசிய பாட்டு அது ஒன்றுதான்.

கடைசி நாள் முழுவதையும் 'அமெரிக்கன் பை' தின்றது. டான் மெக்லீன் 1971இல் பாடிய எட்டரை நிமிஷப் பாட்டு. 1959 பிப்ரவரி 3ஆம் தேதி அயோவாவில் விழுந்த விமானத்தில் பட்டி ஹாலி, ரிச்சி வேலன்ஸ், பிக் பாப்பர் என்ற மூன்று பாடகர்களும் இறந்ததில் கிளம்புகிற பாட்டு. அதில் ஒரு அரசன், அவன் கிரீடத்தைத் திருடும் ஒரு கோமாளி. அரசன் எல்விஸ், கோமாளி பாப் டிலன் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்தது. அங்கிளும் சத்தியம் செய்தார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பிளாக் வெல்வெட்டில் சூடு பட்டவன் ஆயிற்றே, ஆதாரம் எங்கே என்று கேட்டேன். காலை நாலு மணிக்கு டீம் லீட் வந்து சண்டையை விலக்கி, 'தொடர்பில்லை' என்று தானே தட்டிவிட்டு கேப்புக்குப் போகச் சொன்னார். கேப்பில் அங்கிள் என்னோடு பேசவில்லை.

அந்த வேலையை விட்டு வெகுகாலம் ஆகிறது. 2022இல் அந்தப் பாட்டைப் பற்றி ஒரு ஆவணப்படம் வந்தது. அரசன் எல்விஸ் இல்லை என்று மெக்லீனே அதில் சொல்லிவிட்டார். செய்தியை அங்கிளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், கொஞ்சம் கெக்கலிப்போடுதான். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் மறுநாள் காலையில், வாய்ஸ் மெசேஜாக வந்தது. பின்னால் மிக்ஸி ஓடுகிற சத்தம்.

"பாட்டு எழுதினவன்தானே அவன்? அவனுக்கு என்ன மேன் தெரியும்?"