ஒரு சி பிளஸ் செய்த வேலை: எம்.எஸ்.டபிள்யூ. புரொபேஷன் அனுபவம்

அமெரிக்காவில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முதல் செமஸ்டர் முடிந்த கையோடு மெயில் வந்தது: ஜி.பி.ஏ., அதாவது கிரேடு சராசரி, 2.87. எங்கள் யூனிவர்சிட்டியில் 3.0-க்குக் கீழே போனால் புரொபேஷன். அடுத்த செமஸ்டர் முடிவில் மொத்த ஜி.பி.ஏ. 3.0 வராவிட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள். போனில் அம்மாவிடம் "புரொபேஷன்ல போட்டுட்டாங்கம்மா" என்றேன். "அப்ப எப்ப பெர்மனென்ட் ஆக்குவாங்க?" என்று சந்தோஷமாகக் கேட்டார். திருத்த மனசு வரவில்லை.

எல்லாம் ரிசர்ச் மெத்தட்ஸ் பாடத்தில் வாங்கிய சி பிளஸ் செய்த வேலை. ஊரில் அரியர் விழுந்தால் திரும்ப எழுதித் தேறிவிட்டுப் போவோம். இங்கே பி பிளஸ்ஸுக்கு 3.3, சி பிளஸ்ஸுக்கு 2.3. மூன்று பாடத்தில் ஒன்று சி பிளஸ் ஆனால், மற்ற இரண்டிலும் பி பிளஸ் வாங்கினாலும் 3.0 தேறாது. போட்டுப் பாருங்கள். எனக்கு அதுவும் இல்லை. ஒன்று பி பிளஸ், ஒன்று வெறும் பி.

இதைவிட வயிற்றெரிச்சல் ஃபீல்ட்வொர்க். வாரம் 16 மணி நேரம் முதியோர் மையத்தில் ஓடியாடினேன், சூப்பர்வைசரும் நன்றாகவே எழுதிக் கொடுத்தார். ஆனால் எங்களுக்கு ஃபீல்டில் பாஸ், ஃபெயில் மட்டும்தான். பட்டம் வாங்கக் குறைந்தது 900 மணி நேரம் போட்டாக வேண்டும். அதில் ஒரு நிமிஷம்கூட ஜி.பி.ஏ.வில் ஏறாது.

ஜனவரியில் அட்வைசரைப் பார்த்தேன். "பிராக்டிஸ் பாடத்தை டிராப் பண்ணிடு, சுமை குறையும்" என்று சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஃபாரத்தை எடுத்துக்கொண்டு பனியில் இரண்டு பஸ் மாறி ரிஜிஸ்ட்ரார் ஆஃபீஸுக்குப் போனால், கவுன்டரில் இருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெளிநாட்டு மாணவர் ஆஃபீஸ் கையெழுத்து இல்லாமல் வாங்க முடியாதாம். மனசுக்குள் அவரை நன்றாகத் திட்டிக்கொண்டே திரும்பினேன்.

அந்தக் கையெழுத்துக்காகப் போன இடத்தில்தான் விஷயம் புரிந்தது. பிராக்டிஸும் ஃபீல்டும் ஜோடி. ஒன்றை விட்டால் மற்றதும் போய்விடும். என் 12 கிரெடிட் 6 ஆகியிருக்கும். எங்கள் யூனிவர்சிட்டியில் முழுநேரம் என்றால் 9 கிரெடிட். அதற்குக் கீழே போக எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் முன்கூட்டியே அந்த ஆஃபீஸில் அனுமதி வாங்க வேண்டும். டிராப் பண்ணிவிட்டுப் பிறகு கேட்டால் விசா ஸ்டேட்டஸ் காலி. புரொபேஷனால் மட்டும் விசாவுக்கு ஆபத்தில்லை என்றும் அங்கேதான் சொன்னார்கள். அட்வைசருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கவில்லை. கோபம் இன்னும் போகவில்லை. கவுன்டர் அம்மாவைத் திட்டியதை மட்டும் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

ஆகவே, எஃப்-1-ல் இருப்பவர்கள் எந்த ஃபாரத்தையும் முதலில் வெளிநாட்டு மாணவர் ஆஃபீஸுக்குக் கொண்டுபோங்கள். யார் என்ன சொன்னாலும் மெயிலில் எழுதி வாங்குங்கள். பாடத்தைத் திரும்ப எடுத்தால் பழைய கிரேடு கணக்கிலிருந்து போகுமா என்று ஹேண்ட்புக்கில் பாருங்கள். எங்களிடம் போகாது, இரண்டும் சேரும்.

அடுத்த செமஸ்டரில் இரண்டு பி பிளஸ், ஒரு பி. மொத்தம் 3.03. புரொபேஷன் நீங்கியதாக மெயில் வந்தது; ஆனால் பாடங்களுக்குப் பதிய விடாமல் போட்டிருந்த ரிஜிஸ்ட்ரேஷன் ஹோல்டை எடுக்க யாருக்கோ மறந்துவிட்டது. நான்கு மெயிலுக்குப் பிறகு எடுத்தார்கள். அதற்குள் நான் கேட்ட பாடம் நிரம்பி, இப்போது வெயிட்லிஸ்டில் ஏழாவது ஆள்.