ஜேட் என்ன ஆனாள்? – ‘அடோலசென்ஸ்’ நாட்குறிப்பு

15 மார்ச் 2025, சனி

நெட்ஃபிளிக்ஸில் முந்தாநாள் வந்த ‘அடோலசென்ஸ்’ தொடரின் முதல் பாகம் பார்த்தாயிற்று. மொத்தமே நாலு பாகம்தான். இனி எழுதுவதில் கதை முழுக்க வந்துவிடும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாசியுங்கள்.

இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். விடிகாலையில் போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் நுழைகிறது. மாடியில் படுத்திருந்த பதிமூன்று வயது ஜேமி மில்லரைத் துப்பாக்கியோடு சூழ்ந்துகொள்கிறார்கள். பயத்தில் உடுத்தியிருந்த துணியிலேயே சிறுநீர் கழித்துவிடுகிறான். அவன் பள்ளியில் படிக்கும் கேட்டி என்ற பெண்ணைக் குத்திக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. அங்கிருந்து வேன், ஸ்டேஷன், நர்ஸ் ரத்தம் எடுப்பது, வக்கீல், விசாரணை அறை என்று ஒரு மணி நேரம் ஓடுகிறது. ஒரு இடத்தில்கூடக் காட்சி வெட்டப்படவில்லை. ஒவ்வொரு பாகமும் இப்படி ஒரே ஷாட்டாம்.

பையனின் ஆடையைக் களைந்து சோதிக்கும் இடத்தில் கேமரா அவன் பக்கம் திரும்பவே இல்லை. துணைக்கு நிற்கும் அப்பா எடியின் முகத்திலேயே நிற்கிறது. அப்பாவாக வரும் ஸ்டீஃபன் கிரஹாம்தான் ஜாக் தோர்னோடு சேர்ந்து கதையை எழுதியவர். அந்த முகத்தைப் பார்த்தபின் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

யார் கொன்றது என்ற மர்மம் முதல் பாகத்திலேயே முடிந்துவிடுகிறது. சிசிடிவி காட்சியை அப்பாவின் கண்ணெதிரிலேயே போட்டுக் காட்டுகிறார்கள். மீதி மூன்று பாகமும் ‘ஏன்’ என்ற ஒரே கேள்விக்குத்தான்.

16 மார்ச், ஞாயிறு

இரண்டாம் பாகம். கொலை நடந்து மூன்றாம் நாள், போலீஸ் பள்ளிக்கூடத்துக்கு வருகிறது. ஆசிரியர்கள் கத்துகிறார்கள், பிள்ளைகள் யாரையும் மதிப்பதில்லை. இன்ஸ்பெக்டர் பாஸ்கமுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. கடைசியில் அதே பள்ளியில் படிக்கும் அவர் மகன் ஆடம்தான் அப்பாவைத் தனியே அழைத்துப்போய் எமோஜிகளுக்கு அர்த்தம் சொல்லித் தருகிறான். நட்பு என்று போலீஸ் நினைத்த, கேட்டி போட்ட இன்ஸ்டாகிராம் கமெண்ட், ஜேமியை ‘இன்செல்’ என்று கேலி செய்தது. எந்தப் பெண்ணும் சீண்டமாட்டாள் என்ற வசை அது.

எனக்கு இந்தப் பாகத்தில் ஜேட் போதும். கேட்டியின் உயிர்த்தோழி. அந்தப் பள்ளி முழுவதிலும் கேட்டிக்காக நெஞ்சு வெடித்துத் திரிகிறவள் இவள் ஒருத்திதான். ஜேமியின் கூட்டாளி ரயனை எல்லார் முன்னாலும் போட்டு அடிக்கிறாள். போலீஸ் கேள்வி கேட்டால் எரிந்து விழுகிறாள். ஃபாத்திமா போஜாங் என்ற பெண் நடித்திருக்கிறார். வருவது கொஞ்ச நேரம்தான், ஆனால் மனசை விட்டுப் போகவில்லை.

பாஸ்கமோடு வரும் பெண் அதிகாரி மிஷா ஃபிராங்க் ஒன்று சொல்கிறார்: எப்போதும் குற்றவாளிதான் முன்னால் நிற்கிறான், ஜேமியை எல்லாரும் நினைவில் வைத்திருப்பார்கள், கேட்டியை யாரும் நினைக்கமாட்டார்கள் என்று. சரியான பேச்சு. அடுத்த பாகங்கள் அதை மனசில் வைத்திருக்கின்றனவா பார்க்க வேண்டும்.

கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கும் என் தம்பி போனில் சொன்னான்: “அக்கா, ரயன் ஜன்னல் வழியா குதிக்கறப்போ கேமராவும் பின்னாலயே வெளிய போச்சு பாத்தியா? அந்தப் பக்கம் ஒருத்தன் வாங்கிக்கிட்டு ஓடறான். கடைசில அப்படியே ட்ரோன்ல மாட்டி ஊருக்கு மேல பறக்குது.” முதல் பாகத்தில் நாம் பார்ப்பது இரண்டாவது டேக்காம், கடைசிப் பாகத்தில் பதினாறாவது டேக்காம். அவனுக்கு இதெல்லாம் அத்துப்படி. வித்தை கொஞ்சம் அதிகம் என்பது அவன் கட்சி. நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அந்த ட்ரோன் இறங்கும் இடம் கேட்டி செத்த இடம். அங்கே எடி பூ வைக்கிறார்.

18 மார்ச், செவ்வாய்

பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிவிட்டது. ஆனாலும் ஸ்டாஃப் ரூமில் இதே பேச்சு. பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள்.

“செல்போனைப் பிடுங்கி வச்சா எல்லாம் சரியாப் போயிரும் டீச்சர்” என்றார் கணக்கு வாத்தியார். இன்னொருவர், “அந்தப் பொண்ணு சீண்டுனதாலதான வந்துது வினை?” என்றார்.

இரண்டாவதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்துவிட்டது. கேலி செய்ததற்குக் கத்தியா? அந்தக் கேலிக்கு முன்னால் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. செத்தவளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம்.

22 மார்ச், சனி

மூன்றாம் பாகம். டிவியில் நான் பார்த்ததிலேயே இதற்கு ஈடு எதுவும் இல்லை என்று தயங்காமல் சொல்வேன்.

ஏழு மாதம் கழிந்திருக்கிறது. ஜேமி காவலோடு கூடிய இளையோர் காப்பகத்தில். கோர்ட்டுக்கு அறிக்கை எழுத வரும் உளவியலாளர் பிரியனி, மார்ஷ்மெல்லோ போட்ட ஹாட் சாக்லேட் கொண்டு வருகிறார், தன் சாண்ட்விச்சில் பாதியையும் தருகிறார். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, இரண்டு பேர். அவ்வளவுதான்.

பையன் குழைகிறான், சிரிக்கிறான். அப்பாவைப் பற்றி, ஆண் என்றால் என்ன என்பது பற்றிக் கேள்வி வந்ததும் முகம் மாறுகிறது. எழுந்து நின்று கத்துகிறான், கப் பறக்கிறது. ‘என்னைப் பார்த்துப் பயந்துட்டீங்களா’ என்கிற தோரணையில் அவர் மேல் கவிந்து நிற்கிறான். நான் பாடம் எடுக்கும் ஒன்பதாம் வகுப்பில் பார்க்கும் உயரம்தான், அதே பூஞ்சை உடம்பு. அந்த நொடியில் எதிரே நிற்பது வளர்ந்த ஆம்பிளையின் அதிகாரம்.

ஸ்டாஃப் ரூம் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. கேட்டியின் அரைநிர்வாணப் படத்தை ஒரு பையன் ஸ்நாப்சாட்டில் பரப்பிவிடுகிறான். ஊரே அவளைக் கேலி செய்யும் அந்த வாரத்தில் ஜேமி அவளை வெளியே அழைக்கிறான். ஏன் அப்போது? அவள் உடைந்து கிடப்பாள், சம்மதித்துவிடுவாள் என்ற கணக்கு. அவள் மறுத்துவிட்டாள். அப்புறம்தான் அந்த எமோஜி. கத்தி கையில் இருந்தும் அவளை வேறு விதத்தில் தொடவில்லை, அதனால் நான் மற்ற பையன்களைவிட மேல் என்று வேறு சொல்கிறான். அதைத் தன் நல்ல குணத்துக்குச் சான்றாக, நம்பியே சொல்கிறான்.

இதுதான் கடைசிச் சந்திப்பு என்று பிரியனி சொன்னதும், என்னைப் பிடிக்குமா பிடிக்காதா என்று கேட்டுக் கூச்சலிடுகிறான். காவலர்கள் இழுத்துப்போகிறார்கள், கண்ணாடிக்கு அப்பாலிருந்தும் அதே கேள்வி. பிடிக்கிறது என்று ஒரு பெண் வாயால் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாதது அவனுக்குக் குற்றம். போனைப் பிடுங்கினால் இது போய்விடுமா? போன் அதை ஊதிப் பெரிதாக்கியது, மறுக்கவில்லை. ஆனால் பெண்ணின் ‘இல்லை’ என்ற பதிலைத் தாங்கப் பழகாத பிள்ளைகளை நான் எந்தப் போனும் இல்லாத காலத்திலும் பார்த்திருக்கிறேன்.

அவன் போனபின் அவன் கடித்து வைத்த சாண்ட்விச்சை எடுக்கப்போய், தொட்டதும் பிரியனி கையை இழுத்துக்கொள்வார். பிரியனியாக வரும் எரின் டோஹர்ட்டி அதற்கு ஒரு வசனம்கூடப் பேசவில்லை. ஜேமியாக வரும் ஓவன் கூப்பருக்கு இதுதான் முதல் நடிப்பு வேலை, அதிலும் முதலில் படமாக்கியது இந்தப் பாகத்தைத்தானாம்.

23 மார்ச், ஞாயிறு

நான்காம் பாகத்தை அண்ணியோடு பார்த்தேன். எடியின் ஐம்பதாவது பிறந்தநாள், வேனில் யாரோ அசிங்கமாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளப்போவதாக ஜேமி போனில் சொல்கிறான். கடைசியில் எடி மகனின் கட்டிலில் விழுந்து அழுகிறார்.

அண்ணி தேம்பித் தேம்பி அழுதார். “அந்த மனுஷன் என்ன பாவம் பண்ணினாரு சொல்லு?” கேள்வி நியாயமானது. தன் அப்பா பெல்ட்டால் அடித்தது போல் நான் செய்யமாட்டேன் என்று எடி உறுதி எடுத்தவர், அந்த வாக்கைக் காப்பாற்றியும் இருக்கிறார்.

ஆனால் நான் காத்திருந்தது வரவில்லை. கேட்டியின் அம்மா வரவில்லை, அப்பா வரவில்லை. ஜேட் இரண்டாம் பாகத்தோடு காணாமல் போய்விட்டாள். மிஷா ஃபிராங்க் வாயில் அந்த வசனத்தை வைத்தவர்கள் பிறகு அதையே செய்திருக்கிறார்கள். கொன்றவன் வீட்டுக் கதையைச் சொல்வதுதான் எண்ணம் என்பது புரிகிறது. புரிந்தும் இது குறைதான் என்கிறேன்.

1 ஏப்ரல், செவ்வாய்

நேற்று பிரிட்டிஷ் பிரதமர் ஸ்டார்மர் தொடரை எடுத்தவர்களை டவுனிங் தெருவுக்கு அழைத்துப் பேசியிருக்கிறார். அங்குள்ள உயர்நிலைப் பள்ளிகளில் இலவசமாகத் திரையிட நெட்ஃபிளிக்ஸ் வழி செய்கிறது. உண்மைச் சம்பவத்தில் குற்றவாளியின் இனத்தை மாற்றிவிட்டார்கள் என்ற புரளியும் இணையத்தில் ஓடியது. இது எந்த ஒரு தனிச் சம்பவத்தின் கதையும் இல்லை என்று ஜாக் தோர்ன் மறுத்துவிட்டார்.

திரையிடுவது நல்லது. ஆனால் பிள்ளைகளுக்கு முன் ஆசிரியர்களுக்கு இரண்டாம் பாகத்தைப் போடுங்கள். ஆடம் தன் அப்பாவிடம் பேசத் தயங்கித் தயங்கி நிற்பதைப் பார்க்கட்டும். பிள்ளைகளுக்கு மூன்றாம் பாகம். பார்த்து முடித்ததும் பெல் அடித்துக் கலைந்து போகக் கூடாது. மறுநாளும் உட்கார்ந்து பேச வேண்டும், பெண் பிள்ளைகளை முதலில் பேச விட வேண்டும்.

15 செப்டம்பர், திங்கள்

காலையில் எழுந்ததும் அமெரிக்க டிவி விருதான எம்மி பற்றிய செய்தி. மேடையில் ஆறு விருது: சிறந்த குறுந்தொடர், இயக்கம் (ஃபிலிப் பாரன்டினி), எழுத்து, கிரஹாம், டோஹர்ட்டி, ஓவன் கூப்பர். பதினைந்து வயதில் கூப்பர், எம்மியில் நடிப்புக்கு விருது வாங்கிய ஆண்களிலேயே இளையவர். எனக்கு டோஹர்ட்டிக்குக் கிடைத்ததில்தான் தனி மகிழ்ச்சி. ஒரு பாகம்தான் வந்தார், தொடரையே தாங்கினார்.

விருது வந்தாலும் என் கட்சி அப்படியேதான் இருக்கிறது. ஐந்தாவது பாகம் ஒன்று வேண்டும். அதுவும் வெட்டாத ஒரே ஷாட்டாக, பள்ளி விட்டதும் ஜேட் பின்னாலேயே கேமரா போகட்டும். அவள் வீட்டில் யார் இருக்கிறார்கள், கேட்டியின் பழைய மெசேஜ்களை என்ன செய்தாள், கேட்டியின் அம்மாவைப் போய்ப் பார்த்தாளா என்று ஒரு மணி நேரம். இவர்களால் அதை எழுத முடியும். எழுதியிருக்கவும் வேண்டும்.